மங்குக்கு சன்ஸ்கிரீன், எலும்புக்கு வெயில்: யார் பேச்சைக் கேட்பது?

நிழல்விரும்பி:
கன்னத்தில் மங்கு (கறுந்திட்டு). எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் போடாமல் வாசலைத் தாண்டக்கூடாது என்கிறார் தோல் டாக்டர். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14தான், குறைவு. அதைப் பார்த்த எலும்பு டாக்டர், "கொஞ்சம் வெயிலில் நில்லும்மா" என்கிறார். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லவா முடியும்? இப்போதைக்கு ஆபீசில் வெயில் விழும் ஜன்னலோரம் இடம் மாற்றிக்கொண்டேன். காலை ஏழு மணிக்கு மொட்டைமாடியில் நடக்கிறேன், முகத்தில் எதுவும் பூசாமல். போதுமா?

லேப்காரன்:
ஜன்னலோரம் வேண்டாம். வைட்டமின் டி உண்டாக்குவது வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர். அதைக் கண்ணாடி தடுத்துவிடும். மங்குத் திட்டைக் கறுப்பாக்கும் இன்னொரு புற ஊதாக் கதிரான யுவிஏ தாராளமாக உள்ளே வரும்.

கமலி:
எனக்கும் மங்கு உண்டு, அதனால் சொல்கிறேன் தோழி. முகத்தை இந்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். உடம்புத் தோலில் முகம் எத்தனை துளி இடம்! கையும் முழங்காலுக்குக் கீழும் அதைவிடப் பல மடங்கு. முகத்துக்கு நான் போடுவது இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் (மங்குக்கு சாதாரண வெளிச்சமும் ஆகாது), மேலே அகலத் தொப்பி. கைகள் மட்டும் திறந்திருக்கும்.

ஏழு மணி வெயில் இதமாக இருக்கும், அவ்வளவுதான். சூரியன் தாழ்ந்திருக்கும்போது காற்றுமண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருவதற்குள் யுவிபி பெரும்பாலும் வடிந்துவிடும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது நன்றாகக் கிடைக்கும். தோலைச் சுடுவதும் அதே நேரம்தான். ஆகவே சிறிது நேரம் நின்றுவிட்டு, தோல் எரிய ஆரம்பிக்கும் முன்பே நிழலுக்கு வந்துவிடுங்கள். கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்காக மணிக்கணக்கில் நிற்பதில் லாபமில்லை. ஓர் அளவுக்கு மேல், உண்டாக்கியதையே வெயில் சிதைத்துவிடும்.

ஆனால் 20க்குக் கீழே இருப்பதை வெயிலை மட்டும் நம்பி ஏற்றப் பார்க்காதீர்கள். மாத்திரை தந்தாரா? அதற்கு மங்கு பயம் கிடையாது.

நிழல்விரும்பி:
வாரம் ஒன்று, 60,000 யூனிட். தினமும் போட்டால் சீக்கிரம் ஏறுமா?

லேப்காரன்:
ஐயோ, கூடவே கூடாது! கொழுப்பில் கரைகிற வைட்டமின் இது, மிஞ்சினால் சிறுநீரோடு போய்விடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றேதான். எத்தனை வாரம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கும்போது சீட்டில் 25 ஹைட்ராக்சி என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். வைட்டமின் டிக்கு இன்னொரு டெஸ்டும் உண்டு, அது உடம்பில் உள்ள இருப்பைக் காட்டாது.