டர்போ மாற்றிய பின் பூஸ்ட் தாமதமாக ஏறுகிறது, ஏறியதும் நிற்காமல் விழுகிறது: உதவி தேவை

தொடுவானம்:
வணக்கம். 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். காரோடு வந்த டர்போவை (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) எடுத்துவிட்டு ஓர் அளவு பெரியதைப் பொருத்தியிருக்கிறேன். உபரி எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனைச் சுற்றாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட், டர்பைன் கூட்டுக்குள்ளேயே இருக்கும் வகை. கூட்டின் அளவைக் குறிக்கும் ஏ/ஆர் எண் 0.82. வேஸ்ட்கேட்டைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் 0.5 பார், நான் எதிர்பார்க்கும் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) 1.2 பார். பொருத்தியதும், ஈசியூவில் (இன்ஜினை ஆளும் கணினி) அடிப்படை மேப் (அமைப்பு அட்டவணை) எழுதியதும் ஒரே பட்டறை.

பூஸ்ட் 4,200 சுற்றுக்கு மேல்தான் முழுமையாக வருகிறது. வந்தாலும் 1.2-இல் நிற்பதில்லை, 6,000 சுற்றுக்குள் 0.9-க்கு இறங்கிவிடுகிறது. கியர் மாற்றும்போது இன்ஜின் ஒரு கணம் திணறி, கறுப்புப் புகையும் விடுகிறது. ஈசியூவில் இலக்கை 1.4 என்று உயர்த்தியும் மேல்சுற்றில் ஒரு மாற்றமும் இல்லை. மேப்பில் எதைத் திருத்த வேண்டும்?

வால்வு வாத்தியார்:
இப்போதைக்கு எதையும் திருத்த வேண்டாம். இலக்கை உயர்த்தியும் பூஸ்ட் அசையவில்லை என்றால், கேட்பதைக் கொடுக்க ஈசியூவிடம் ஏதும் மிச்சமில்லை என்று பொருள். கோளாறு இரும்பிலும் ரப்பரிலும் இருக்கும்போது எண்களைத் தட்டுவது வீண் வேலை.

நான்காம் கியரில் 2,000 சுற்றிலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஒரு பதிவு எடுங்கள். தெருவில் வேண்டாம், டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் மேடை) எடுங்கள். பூஸ்ட், சோலினாய்டு டியூட்டி (ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தை ஆளும் மின்வால்வு இயங்கும் நேரச் சதவீதம்), லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம்; 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்), இக்னிஷன் கோணம், நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து எரிவது), உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், இன்ஜெக்டர் டியூட்டி (பெட்ரோல் தெளிப்பான் திறந்திருக்கும் நேரச் சதவீதம்) எல்லாம் அதில் இருக்கட்டும். இனி எடுக்கும் பதிவுகளும் அதே கியரிலேயே இருக்க வேண்டும். கீழ்க் கியரில் சுற்று மளமளவென்று ஏறிவிடும். டர்போ வேகம் பிடிக்க நேரம் போதாது. இரண்டாம் கியர் பதிவோடு நான்காம் கியர் பதிவை ஒப்பிட்டு ‘டர்போ மந்தம்’ என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

எண்ணெய்க்கறை:
பதிவு எடுக்கும் முன் கசிவுச் சோதனை செய்துவிடுங்கள். டர்போவின் நுழைவாயை ஒரு மூடியால் அடைத்து, அழுத்தச் சீராக்கி வழியாக மெல்ல 1 பார் வரை காற்றை ஏற்றுங்கள். ஹோஸ் இணைப்பு, இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) முனை, திராட்டில் உடல் என்று எல்லா இடத்திலும் சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். காற்று கசிந்தால் அதே பூஸ்டைக் கொடுக்க டர்போ கூடுதல் வேகத்தில் சுழல வேண்டியிருக்கும். காற்று சூடேறும், பூஸ்டும் தாமதமாகும்.

எக்ஸாஸ்ட் பக்கத்தையும் விடாதீர்கள். எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவே, மேனிபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள காஸ்கெட்டுகளைச் சுற்றிக் கரிக்கோடு தெரிகிறதா? டர்பைனைச் சுற்றவேண்டிய வாயு அங்கே வெளியேறினால் கீழ்ச்சுற்றில் அது நன்றாகவே உறைக்கும்.

மின்னல் கியர்:
இவ்வளவு பாடு எதற்கு? கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலர் ஒன்றைப் போட்டு இறுக்கிவிட்டால் 1.2 வந்துவிடும்.

வால்வு வாத்தியார்:
வராது. கன்ட்ரோலர் எதுவாக இருந்தாலும் அது செய்வது ஒன்றுதான்: ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டுவது. அந்த அழுத்தத்தை முழுவதும் மறைத்தாலும் வேஸ்ட்கேட் தட்டை எக்ஸாஸ்ட் அழுத்தம் நேராகவே தள்ளும். அதைத் தாங்க வேண்டியது ஸ்பிரிங் மட்டுமே. 0.5 பார் ஸ்பிரிங்கை வைத்து 1.2 கேட்பது இரு மடங்குக்கும் மேல். ஸ்பிரிங்கைப்போல் இரு மடங்கு வரைதான் நம்பகமாக ஆளலாம் என்பது பழகிய கணக்கு. எனக்கு அங்கேதான் சந்தேகம்.

தொடுவானம்:
எல்லாம் பார்த்தேன். இன்டர்கூலரின் குளிர்பக்க ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் குமிழி வந்தது. ஹோஸை ஒழுங்காக உட்காரவைத்து இறுக்கியதும் நின்றது. எக்ஸாஸ்டில் கரிக்கோடு இல்லை. கசிவு நின்ற பின் எடுத்த பதிவில் முழு பூஸ்ட் 3,900-க்கு வருகிறது. ஆனால் 5,000-க்கு மேல் பழையபடி விழுகிறது, அங்கே சோலினாய்டு டியூட்டி 95 சதவீதம். பூஸ்ட் ஏறும் பகுதியில் லாம்டா 0.72, உச்சத்தில் 0.79. நாக்கிங் இல்லை. இன்ஜெக்டர் டியூட்டி 88.

ஆக்சுவேட்டருக்குத் தனியாகக் காற்று கொடுத்துப் பார்த்ததில் தண்டு 0.3 பாரிலேயே நகரத் தொடங்குகிறது.

வால்வு வாத்தியார்:
எதிர்பார்த்ததுதான். டியூட்டி 95, பூஸ்ட் இறக்கம்: ஈசியூ தன்னால் ஆனதைச் செய்துவிட்டது, தட்டுத்தான் திறந்துகொள்கிறது. 0.5 பார் ஸ்பிரிங் 0.3-இல் அசைகிறது என்றால் பொருத்தியவர் தண்டுக்கு முன்னிறுக்கமே தரவில்லை. அதனால் தட்டு முழுதாக மூடுவதும் சந்தேகம். கீழ்ச்சுற்றுத் தாமதத்தில் ஒரு பங்கு அதனால்தான்.

0.8 பார் ஸ்பிரிங் போடுங்கள். தட்டு மூடிய நிலையில் தண்டின் முனை நெம்புகோல் ஊசியைத் தொடாமல் சற்றே குட்டையாக நிற்கட்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இழுத்து மாட்டுங்கள். தண்டு எந்த அழுத்தத்தில் அசைகிறது என்று மறுபடி அளந்து உறுதிசெய்யுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: சோலினாய்டு செயலிழந்தாலும் இனி 0.8 பார் வந்தே தீரும். அந்தப் பூஸ்ட் வரையுள்ள எரிபொருளும் இக்னிஷனும் மேப்பில் சரியாக இருக்க வேண்டும்.

பழைய டியூட்டி அட்டவணையை அப்படியே வைத்து ஓட்டினால் பூஸ்ட் எகிறும். தானியங்கித் திருத்தத்தை அணைத்து, டியூட்டி பூஜ்யத்தில் தொடங்கி, ஐந்தைந்து சதவீதமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு பூஸ்ட் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அட்டவணை தயாரான பிறகே திருத்தத்தை இயக்குங்கள்.

எண்ணெய்க்கறை:
பூஸ்ட் ஏறும்போது 0.72 மிகவும் அதிகமான பெட்ரோல். அது எரிப்பை மந்தமாக்கும், டர்பைனுக்குப் போகும் வெப்பமும் குறையும். நாக்கிங்கைக் கவனித்துக்கொண்டே அந்தப் பகுதியை 0.82 பக்கம் கொண்டுவாருங்கள். உச்சத்து 0.79-ஐத் தொட வேண்டாம்.

கியர் மாற்றும்போது வரும் திணறலுக்குக் காரணம் வேறு. உங்கள் காரில் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உண்டா? ஆக்சிலரேட்டரை விட்டதும் மிச்சப் பூஸ்டை விடுவிக்கும் டம்ப் வால்வு, வெளியே திறக்கும் வகையா?

தொடுவானம்:
இரண்டுக்கும் ஆம்.

எண்ணெய்க்கறை:
அப்படியானால் விடை அதுவே. சென்சார் எண்ணிவிட்ட காற்றை வால்வு வெளியே விட்டுவிடுகிறது. எண்ணியதற்கேற்ற பெட்ரோல் மட்டும் உள்ளே போகிறது. அதுதான் கறுப்புப் புகை. வெளியேறும் காற்றை டர்போவின் நுழைவாய்க்கே, சென்சாருக்குப் பின்னால் திருப்பிவிடும் குழாயைப் போடுங்கள். ‘புஸ்’ சத்தம் போய்விடும், வேறு நஷ்டம் இல்லை.

தொடுவானம்:
ஸ்பிரிங், தண்டு, திருப்புக் குழாய் எல்லாம் ஆயிற்று. 1.2 பார் 3,600-க்கு வந்து 6,500 வரை நிற்கிறது, டியூட்டி 60-க்குள். திணறல் அறவே இல்லை. இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள்: 3,000 சுற்றிலேயே பூஸ்ட் வரவைக்க முடியுமா? 1.4 பாருக்குப் போகலாமா? இப்போது உச்சத்தில் இன்ஜெக்டர் டியூட்டி 94.

வால்வு வாத்தியார்:
முதல் கேள்விக்கு: அந்த டர்பைன் கூட்டில் கடினம். வால்வு நேர மாற்றி இருந்தால் கீழ்ச்சுற்றில் ஓவர்லாப்பை (உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) கூட்டிச் சில நூறு சுற்று மிச்சம் பிடிக்கலாம். 0.63 கூடு இன்னும் சீக்கிரம் ஏற்றும். ஆனால் மேல்சுற்றில் எக்ஸாஸ்ட் பின்னழுத்தம் கூடி சக்தி குறையும். இரண்டில் எது வேண்டும் என்பது நீங்கள் ஓட்டும் விதத்தைப் பொறுத்தது. நானாக இருந்தால் இந்தக் கூட்டையே வைத்துக்கொள்வேன்.

1.4 இப்போது வேண்டாம். டியூட்டி 94 என்றால் இன்ஜெக்டரிடம் கையிருப்பு இல்லை. 85-ஐத் தாண்டவிடாமல் இருப்பதே நல்லது. இன்ஜெக்டர் வாங்கும் முன் எரிபொருள் அழுத்தத்தையும் பதிவுசெய்யுங்கள். எரிபொருள் அழுத்தச் சீராக்கி உள்ளிழுக்கும் மேனிபோல்டோடு இணைந்திருந்தால் அடிப்படை 3 பார், பூஸ்ட் 1.2, மொத்தம் 4.2 பார் காட்ட வேண்டும். அது நிலையாக நின்றால் பெரிய இன்ஜெக்டர் போதும். மேல்சுற்றில் சரிந்தால் முதலில் மாற்ற வேண்டியது பம்ப்.