காயம்பட்ட பருந்து, ஆந்தைகளைப் பராமரித்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மொட்டைமாடி:
மூன்று வருஷம் ஆகிவிட்டது, இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. வியாசர்பாடியில் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒரு கரும்பருந்து, பட்டம் விடுகிற மாஞ்சா நூலில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மே மாதம், உச்சி வெயில். துண்டைப் போட்டு மூடிப் பிடித்துவிட்டேன். அதுவரை சரியாகத்தான் செய்தேன். நூல் இடது இறக்கையின் முன்பக்கம், தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருக்குமே ஒரு மெல்லிய தோல், அதற்குள் இறங்கியிருந்தது. கத்தரிக்கோலுக்குக் கீழே இறங்கிப் போகவேண்டுமே என்று நூலைப் பிடித்து இழுத்தேன்.

ஏதோ அறுந்தது என் விரலில் தெரிந்தது. பருந்து கத்தவில்லை. அதன் கண்ணில் அந்த வெளிறிய சவ்வு மட்டும் ஒருமுறை குறுக்கே போய்த் திரும்பியது.

காப்பகத்தில் டாக்டர் இறக்கையை விரித்துக் காட்டினார். அந்தத் தோலின் ஓரமாக ஓடும் தசைநாண் அறுந்திருந்தது. அது போனால் இறக்கையை விறைப்பாக நீட்டி வைக்க முடியாதாம். "நூலே அறுத்ததா, நான் இழுத்ததில் அறுந்ததா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பருந்து அப்புறம் பறக்கவே இல்லை. நான் வாரத்தில் இரண்டு நாள் அங்கே கூண்டு கழுவப் போகிறேன்.

பரண்வீடு:
எங்களுடையது கூகை. பழைய வீட்டு ஓட்டைப் பிரித்தபோது பரணில் மூன்று குஞ்சுகள். ஒரே நாளில் பொரியாதவை என்பதால் படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று பெரிது. கிட்டே போனால் குக்கரில் ஆவி போகிற மாதிரி சீறும். கூரையே போய்விட்டது, தாய் திரும்பி வரவில்லை. சகுனம் சரியில்லை, வெளியே விடு என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நான் விடவில்லை. கோழிக்கறியை எலும்பு எடுத்து, கழுவி, பொடியாக நறுக்கிப் பத்து நாள் கொடுத்தேன். குழந்தைக்குச் செய்கிற மாதிரி அவ்வளவு சுத்தமாக.

பெரிய குஞ்சு நிற்க முடியாமல் சரிந்து உட்கார ஆரம்பித்ததும் பயந்துபோய்க் காப்பகத்துக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் கால் எலும்பு வெளிறி, வில் மாதிரி வளைந்து தெரிந்தது. வெறும் கறியில் சுண்ணாம்புச்சத்து கிடையாது, எலியை முழுசாக விழுங்கினால்தான் எலும்பும் உள்ளே போகும் என்றார்கள். மறுவாரம் பார்க்கப் போனபோது சின்னது இரண்டும் கக்கியிருந்த கருப்பு உருண்டைகளை அங்கிருந்த பையன் உடைத்துக் காட்டினான். முடிக்கு நடுவே ஒரு எலியின் மண்டையோடு, மஞ்சள் முன்பற்களோடு முழுசாக இருந்தது. நான் கழுவிக் கழுவி எடுத்துப் போட்டது இதைத்தான். சின்னது இரண்டும் பறந்துபோயின. பெரியது பிழைக்கவில்லை.

வல்லூறு77:
என் கதை சின்னது. ஓ.எம்.ஆரில் எங்கள் ஆபீஸ் கண்ணாடியில் ஒரு வல்லூறு மோதி விழுந்தது. அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன், இரண்டு மணி நேரத்தில் தெளிந்தது, திறந்துவிட்டதும் போய்விட்டது.

ஆனால் மேலே எழுதியிருப்பதைப் படித்து மனசு கேட்கவில்லை. பரண்வீடு, பத்து நாள் வீட்டில் வைத்திருந்தது பெரிய தவறு. 1972ஆம் வருஷத்து வனவுயிர்ச் சட்டப்படி இவற்றை வீட்டில் வளர்க்கக்கூடாது. வனத்துறைக்கோ காப்பகத்துக்கோ அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மொட்டைமாடி, உங்கள்மேல் தப்பு இல்லை. நைலான் மாஞ்சாவைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. அப்புறமும் அதை விற்றவன், வாங்கிப் பட்டம் விட்டவன் செய்த பாவம் அது.

இனி படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பிக் கூண்டில் போடாதீர்கள், பயத்தில் அடித்துக்கொண்டு இறக்கை, வால் எல்லாம் ஒடிந்துவிடும். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துணி, மூடி வைத்தால் இருட்டு, அது போதும். ஃபில்லரில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். பால், சோறு, பிரெட் எதுவும் வேண்டாம். பல நாள் பட்டினி கிடந்த பறவைக்கு உடனே கறியும் கொடுக்கக்கூடாது, முதலில் டாக்டர் திரவம் ஏற்ற வேண்டும். பிடிக்கும்போது அலகைப் பார்த்துப் பயப்படாதீர்கள், காலைப் பிடியுங்கள். நூல் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு, உள்ளே இருப்பதைத் தொடாமல் அப்படியே கொண்டுபோங்கள். போட்டோ எடுக்க மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். குஞ்சு கீழே கிடந்தாலும் உடனே காப்பகம்தான்.

தூங்குமூஞ்சி மரம்:
கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். காயம் இல்லாத குஞ்சுக்குத் தாயைவிட நல்ல காப்பகம் கிடையாது. அயனாவரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் மரத்திலிருந்து மார்ச் மாதம் ஒரு பருந்துக் குஞ்சு கூட்டோடு சரிந்து விழுந்தது. காப்பகத்துக்குப் போன் செய்தோம், அவர்களே வந்து பார்த்துவிட்டு, காயம் இல்லை, மேலே ஏற்றுங்கள் என்றார்கள். காய்கறிக் கூடையில் சுள்ளி பரப்பி, கேபிள் டிவி தம்பி ஏணி போட்டுக் கவட்டையில் கட்டினான். தாய் தலைக்குமேல் சுற்றிச் சுற்றி வந்து அவன் தலையில் ஒரு கீறு போட்டது. எல்லாரும் வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பார்த்தோம். முக்கால் மணி நேரம். கூடையின் விளிம்பில் ஒரு எலி வாலோடு வந்து உட்கார்ந்தது.

பரண்வீடு அம்மாவை இன்னும் திட்டாதீர்கள் வல்லூறு. எல்லாரும் வெளியே போடு என்றபோது அவர் போடவில்லை.

கயிறுகட்டி:
நான் ஒரு காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் கையுறை இல்லாமல் பருந்தைத் தூக்கியபோது நான்கு நகமும் என் உள்ளங்கையில் இறங்கிவிட்டன. நான் இழுக்க இழுக்க அது இறுக்கியது. கால் மடங்கியிருக்கும்வரை அந்தப் பிடி பூட்டு மாதிரி விடாது. பெரியவர் ஒருத்தர் ஓடிவந்து அதன் காலை மெதுவாக நீட்டிவிட்டார், விரல்கள் தானாகத் தளர்ந்தன. அது கோபத்தில் செய்ததில்லை. எங்கேயாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பிடித்தது.

அதை நான்கு மாதம் வைத்திருந்தோம். ஒடிந்த எலும்பு மூன்று நாலு வாரத்தில் கூடிவிட்டது. கால்தான் தொல்லை கொடுத்தது. சிமெண்டுத் தரையில் நின்று நின்று பாதத்தில் புண் வந்தது, ஆணிக்கால் மாதிரி வீங்கி உள்ளே சீழ். அதிலிருந்து எல்லாக் கட்டைக்கும் தேங்காய்நார்க் கயிறு சுற்றுவது என் வேலை. ஒரே கனத்தில் கட்டை வைக்கக்கூடாது, ஒன்று தடியாக, ஒன்று மெலிதாக, அப்போதுதான் பாதத்தின் ஒரே இடத்தில் பாரம் விழாது. ஒடிந்த வால் இறகு மூன்றுக்குப் பழைய பருந்தின் இறகை மூங்கில் சிம்பு வைத்து ஒட்டினார்கள். விட்ட அன்று காக்கைகள் துரத்தின. அது அந்த ஒட்டு வாலைத் திருப்பி அவற்றுக்கு நடுவில் புகுந்து போனது.

மொட்டைமாடி அண்ணா, மாஞ்சாவில் தொங்கும் பறவை நாம் பார்ப்பதற்கு முன்பே பல மணி நேரம் துடித்திருக்கும். அறுந்தது எப்போது என்று டாக்டருக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் பேசாமல் இருந்திருப்பார்.

மொட்டைமாடி:
இருக்கலாம் தம்பி. விரலில் தெரிந்தது தெரிந்ததுதான்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை கயிறு வாங்கிப் போனேன். எங்கள் கூண்டில் ஒரே கனத்தில் இரண்டு பைப்தான் இருந்தன. அதில் ஒன்றைக் கழற்றிவிட்டு வேப்பங்கிளை ஒன்றைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கட்டினேன், பறக்காததால் அதற்குமேல் ஏறாது. நான் வெளியே வந்து தாழ்போட்டதும் தாவி ஏறியது. இடது இறக்கை கொஞ்சம் தொங்கத்தான் செய்கிறது. ஒரு காலைத் தூக்கி வயிற்றுக்குள் செருகிக்கொண்டு நின்றது.