ஹூவர் பேரிங்குக்குத் தேங்காய் எண்ணெயாம்!

காயில்கட்டி:
நின்றபடியே தள்ளும் பழைய வேக்வம் கிளீனரை ஓட வைப்பது எப்படி என்று போன வாரம் வைகைக்கரையான் ஒரு பாடம் எடுத்தாரே, படித்தீர்களா? கொடைக்கானலில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்த ஹூவர் ஜூனியராம். இருபது வருடமாக ஓடாத மோட்டார். "பேரிங்கில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டேன், பிளக்கைச் சொருகினேன், உறுமிக்கொண்டு கிளம்பியது" என்று எழுதியிருக்கிறார். கீழே ஒரே கைதட்டல். படித்துவிட்டு எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

நான் 31 வருடமாகக் காயில் கட்டுகிறவன். வேக்வம் கிளீனர் மோட்டாரும் உங்கள் வீட்டு மிக்சி மோட்டாரும் பங்காளிகள். காயில் சுற்றிச் சுழலும் அதே ஆர்மேச்சர், அதன் முனையில் செம்புப் பட்டைகள் பதித்த அதே கம்யூட்டேட்டர், அந்தப் பட்டைகளில் உரசிக் கரண்ட் கொடுக்கும் அதே கார்பன். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் தேங்காய் எண்ணெய் இருந்த இடத்தில் இருக்குமா? தெறித்துக் கம்யூட்டேட்டரில் விழும். கார்பன் தூளோடு சேர்ந்து கண்மை மாதிரி ஆகும். செம்புப் பட்டைகளின் இடுக்கில் அந்த மை உட்கார்ந்தால் கரண்ட் குறுக்கே பாயும். முதலில் பொறி பறக்கும், அப்புறம் ஆர்மேச்சர் கருகும். கைதட்டியவர்கள் அப்போது வந்து பணம் தருவார்களா?

வைகைக்கரையான்:
அண்ணே, பெயரைச் சொல்லியே திட்டியதற்கு நன்றி. ஓடாது, கருகும் என்கிறீர்கள். நேற்றுகூட ஜமுக்காளத்தை விரித்து வைத்து ஓட்டினேன். ஓடுகிறது. பெல்ட் புதிது, துணிப் பையை மூன்று தண்ணீரில் அலசினேன், அலுமினிய மூடியை பஃப் போட்டு முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன். அதெல்லாம் உங்கள் கண்ணில் படவில்லை. இரண்டு சொட்டுதான் அண்ணே. ஒரு கரண்டி என்று நான் எழுதவில்லை.

கேள்விக்காரன்:
ஒரு சின்ன சந்தேகம். அதில் மோட்டார் தண்டைத் தாங்குவது குண்டுகள் வைத்த பால் பேரிங்கா, வெறும் வளையமான வெண்கலப் புஷ்ஷா? புஷ் என்றால் பக்கத்தில் கம்பளித் திரி இருக்கும், அது மெல்லிய எண்ணெயைக் குடிக்கும். பால் பேரிங் என்றால் கிரீஸ்தான். எது என்று தெரிந்தால்தானே பேச முடியும்?

காயில்கட்டி:
இரண்டு சொட்டோ இருபது சொட்டோ, தேங்காய் எண்ணெய் தேங்காய் எண்ணெய்தான். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழி மாதம் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைக்காத வீடு மதுரையில் உண்டா? மிஷின் வந்த ஊரோ கொடைக்கானல்! அங்கே வருடம் முழுக்க மார்கழி.

வைகைக்கரையான்:
மிஷின் இப்போது கொடைக்கானலில் இல்லை, என் வீட்டில் இருக்கிறது. இங்கே சித்திரையில் உறைவதற்கு எண்ணெய் ஃபிரிட்ஜுக்குள் போனால்தான் உண்டு. தவிர, மோட்டார் சுற்றினால் சூடாகும், சூட்டில் உருகும். எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும்.

காயில்கட்டி:
உருகுவதற்கு முன்னால் சுற்ற வேண்டுமே தம்பி! எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டீர்களா?

விளக்குமாறு:
தென்னையிலிருந்து எண்ணெயை மட்டும் எடுத்ததுதான் தப்பு. ஈர்க்கையும் எடுத்திருந்தால் இவ்வளவு சண்டை இல்லை. கரண்ட் வேண்டாம், கார்பன் வேண்டாம், பேரிங்கே கிடையாது.

மல்லிகைப்பந்தல்:
கிண்டலை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாத்தா மிஷன் பங்களாவில் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிய அமெரிக்கத் துரை வீட்டார் அவருக்கு ஒரு ஹூவரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 110 வோல்ட். போன வருடம் ஒரு கடையில் சரிபார்க்கக் கொடுத்தேன். தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் நேராக 230-இல் சொருகிவிட்டார் அந்த மனிதர். ஒரே அலறல், புகை, அவ்வளவுதான். கேட்டால், "அது அறுபது ஹெர்ட்ஸ் மிஷின்மா, நம்ம ஊர் ஐம்பது, அதனால்தான்" என்கிறார். எண்ணெய்க்கு முன்னால் வோல்டேஜைப் பேசுங்கள் சார்.

காயில்கட்டி:
அக்கா, உங்களிடம் சொன்னது சுத்தப் பொய். இந்த வகை மோட்டார் பேட்டரி கரண்டிலும் ஓடும், அதற்கு ஐம்பது என்ன, அறுபது என்ன? கொன்றது வோல்டேஜ். 230-ஐ 110 ஆக இறக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போடாமல் அதைத் தொட்டிருக்கவே கூடாது. பல வருடம் சும்மா கிடந்த எந்த மிஷினையும் முதலில் சீரிஸ் லேம்பில்தான் கொடுக்க வேண்டும், அதாவது கரண்ட் மிஷினுக்குப் போகும் வழியில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும், மிஷின் பிழைக்கும். நம்ம வைகைக்கரையான் என்ன செய்தார்? "பிளக்கைச் சொருகினேன்." பழைய ரப்பர் வயர், தொட்டால் முறுக்கு மாதிரி உதிரும். இரும்பு அலுமினிய உடம்பு, எர்த் உண்டா இல்லையா என்றுகூடப் பார்த்திருக்க மாட்டார். தேங்காய் எண்ணெய் விட்டவருக்கு எர்த் எங்கே ஞாபகம் வரும்?

வைகைக்கரையான்:
மூன்று கம்பி வயர் புதிதாகப் போட்டுத்தான் சொருகினேன். முழுதாகப் படித்துவிட்டுத் திட்டலாம். நீங்கள் மிக்சி கார்பனை எமரித் தாளில் தேய்த்து அடுத்தவன் மிஷினில் மாட்டுகிறவர்தானே?

காயில்கட்டி:
எமரியா? வாயைக் கழுவுங்கள். எமரித் தூள் கம்யூட்டேட்டர் இடுக்கில் போனால் என்ன ஆகும் என்று எனக்கா சொல்கிறீர்கள்? உப்புத்தாள். நைஸ் உப்புத்தாளைக் கம்யூட்டேட்டர் மேல் சுற்றி, கார்பனை அதன்மேல் உட்கார வைத்துத் தேய்த்தால் அதே வளைவு வரும். செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா உயர்ந்து நின்றால் ஹாக்சா பிளேடுத் துண்டால் கீறி இறக்குவேன். இதெல்லாம் கை வேலை. பாட்டிலைக் கவிழ்ப்பது வேலை இல்லை.

கேள்விக்காரன்:
பேரிங்கா, புஷ்ஷா?

பழைய இரும்பு:
ஹூவர் என்ற மகானே கண்டுபிடித்த மிஷின் இப்படித் தேங்காய் எண்ணெயில் சாக வேண்டுமா!

மல்லிகைப்பந்தல்:
ஹூவர் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம் கேன்டன் நகரில் கடை பெருக்கிக்கொண்டிருந்த ஸ்பாங்ளர் கண்டுபிடித்தது. தூசியில் அவருக்கு மூச்சு இழுப்பு வந்தது. ஃபேன் மோட்டார், தலையணை உறை, விளக்குமாற்றுக் கம்பு, இவற்றை வைத்துச் செய்தார். 1908-இல் பேடன்ட் கிடைத்தது. ஹூவர் தோல் சாமான் வியாபாரி, உரிமையை விலைக்கு வாங்கியவர். பெருக்கியவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை, வாங்கியவர் பெயர் மிஷினுக்கு வந்துவிட்டது.

விளக்குமாறு:
பார்த்தீர்களா? அதிலும் என் கம்பு!

பழைய இரும்பு:
சரி, வாங்கியவரும் பெரிய ஆள்தானே. 1926-இல் வந்த மாடல் 700-இல் கம்பளத்தைத் தட்டித் தட்டித் தூசியைக் கிளப்பும் கட்டையை உருளையில் வைத்தார்கள். அது அந்தக் கம்பெனியின் மூளை. எனக்கு ஹூவர்தான் மகான்.

காயில்கட்டி:
வரலாற்றை விடுங்கள். அவர் மிஷின் உறுமுகிறது என்று பெருமைப்படுகிறாரே, அது உறுமக் கூடாது! இந்த மாடலில் குப்பை முதலில் ஃபேனில் அடித்துவிட்டு அப்புறம்தான் பைக்குப் போகும். எப்போதோ ஒரு ஆணியோ நாணயமோ உள்ளே போய் இறக்கை முனை உடைந்திருக்கும். ஃபேன் ஆடும், அந்த ஆட்டம் பேரிங்கைத் தின்னும். கழற்றிப் பார்க்க வேண்டிய இடத்தில் எண்ணெய் விட்டால் சத்தம் நாலு நாளைக்கு அடங்கும். அதைப் பார்த்துத்தான் கைதட்டுகிறீர்கள்.

வைகைக்கரையான்:
பதினோரு நாளாக ஓடுகிறது. ஃபேன் முழுசாக இருக்கிறது, பார்த்துவிட்டேன். உங்கள் கோபம் எண்ணெய் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். போன ஆடியில் என் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரை "ஒரு வாரம்" என்று வாங்கிப் போனீர்கள். நான் இரண்டு தடவை கேட்டேன். அதிலிருந்து நான் என்ன எழுதினாலும் தப்பு.

மல்லிகைப்பந்தல்:
அடடே. அந்த டிரான்ஸ்பார்மர் கிடைத்தால் எனக்கும் ஒரு நாள் வேண்டும். ஆர்மேச்சர் கட்டக் கொடுத்திருக்கிறேன்.

காயில்கட்டி:
டிரான்ஸ்பார்மர் பத்திரமாக இருக்கிறது. பேச்சை மாற்றாதீர்கள். எல்லார் முன்னாலும் கேட்கிறேன், பேரிங்கில் தேங்காய் எண்ணெய் விட்டது தப்பா, இல்லையா?

வைகைக்கரையான்:
டிரான்ஸ்பார்மர்?