இரட்டைக் கோபுரம் கட்டிய அனுபவம்: லெகோவில் வானளாவிகள்

நான் இருப்பது கோலாலம்பூர். இங்குள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் கட்டி முடித்த 1998இல் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். உலகத்திலேயே உயரமான கட்டடம் நம் ஊரில் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. 2004இல் தைப்பே 101 வந்து அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. இருந்தாலும் எனக்கு இதற்கு மேல் ஒரு கட்டடம் இல்லை. இதை லெகோவில் கட்டும் ஆசை நாற்பதை நெருங்கும்போதுதான் கைகூடியது.

முதலில் அளவுக் கணக்கு. லெகோ கட்டையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குமிழை ஸ்டட் என்போம். ஒரு ஸ்டட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6 மி.மீ. பிளேட் என்ற மெல்லிய துண்டு அதில் மூன்றில் ஒரு பங்கு. இந்த எண்களுக்குள்தான் கோபுரம் அடங்க வேண்டும். பல விகிதங்களைப் போட்டுப் பார்த்து 1:400க்கு வந்தேன். 452 மீட்டர் 113 சென்டிமீட்டர் ஆகிறது. கீழ்ப்பகுதியின் குறுக்களவு சுமார் 46 மீட்டர், அது 14 ஸ்டட். இரண்டு கோபுரத்தையும் இணைக்கும் 58 மீட்டர் நீள ஆகாயப் பாலம் 18 ஸ்டட். நிலத்திலிருந்து 170 மீட்டரில் தொங்கும் அந்தப் பாலம் 44 கட்டை உயரத்தில் வர வேண்டும். எல்லாம் இப்படிப் பொருந்தி வந்தபோது அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் சிக்கல். கோபுரத்தின் தரைப்படம் எட்டுமுனை நட்சத்திரம். ஒரு சதுரம், அதன் மேல் 45 பாகை திருப்பிய இன்னொரு சதுரம். இஸ்லாமியக் கலையில் நிறைய வரும் வடிவம் இது. கோபுரத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி அதன் எட்டு உள்மூலைகளிலும் ஒவ்வொரு வளைவைச் சேர்த்தார். லெகோ கட்டைக்குத் தெரிந்ததெல்லாம் நேர்கோணம்தான். நான் கீல் துண்டுகளைப் போட்டு சுவர்களைத் திருப்பினேன். பத்து மாடி ஏறியதும் சுவர் தளர்ந்து விரியும். பிரிப்பேன், திரும்பக் கட்டுவேன். மூன்று மாதம் இப்படியே போனது.

ஒருநாள் மகளின் கணக்கு நோட்டை எடுத்துக் கட்டத்தாளில் வரைந்து பார்த்தேன். பக்கம் 10 ஸ்டட் உள்ள சதுரத்தின் மூலைவிட்டம் 14.14. என் கோபுரத்தின் குறுக்களவோ 14! அப்படியானால் திருப்பிய சதுரத்தின் முனை, நேர்ச்சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் 2 ஸ்டட் வெளியே நீட்டும், அடிப்பாகம் 4 ஸ்டட் அகலம் இருக்கும். 2க்கு 2 முக்கோணத் துண்டு இரண்டை முதுகோடு முதுகு வைத்தால் அதுதான் அந்த வடிவம். கீலே வேண்டாம்! உள்மூலை வளைவுக்கு அதை ஒட்டிய கட்டத்தில் ஒரு ஸ்டட் அளவு வட்டத் துண்டு கச்சிதமாக உட்காருகிறது. ஒரு மாடிக்கு முக்கோணம் 8, வட்டம் 8. அசல் கோபுரத்தில் சன்னலுக்கு மேல் ஓடும் எஃகுப் பட்டைகள் மாதிரியே அந்த முக்கோண அடுக்கு தெரியும். கண்ணாடிக்குக் கருநீலத்தில் உள்வாங்கிய அடுக்கு.

பாலத்தை இரண்டு கோபுரத்திலும் நான்கு நான்கு ஸ்டட்டில் இறுக்கிவிட்டேன். தீபாவளிக்கு மேசையை நகர்த்த வேண்டியிருந்தது. மச்சான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் பக்கம் கொஞ்சம் முன்னால் தூக்கிவிட்டார். பாலம் உடையவில்லை. இரண்டாம் கோபுரத்தின் சுவரை ஏழெட்டு மாடிக்குப் பிய்த்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். அசல் பாலத்தைக் கோபுரங்களோடு இறுக்கிக் கட்டவில்லை. காற்றில் இரண்டும் தனித்தனியாக ஆடும் என்பதால் பாலத்தின் நுனிகள் உள்ளே வெளியே நகர இடம் விட்டிருக்கிறார்கள். இரு கோபுரங்களிலிருந்தும் சாய்ந்து எழும் கால்கள் நடுவில் அதைத் தாங்குகின்றன. நானும் ஸ்டட்டுகளை எடுத்துவிட்டு டைல் என்ற, ஸ்டட் இல்லாத வழவழப்பான துண்டு மேல் பாலத்தைச் சும்மா உட்கார வைத்தேன். இப்போது மேசையை எப்படி நகர்த்தினாலும் சுவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இத்தனை வருடம் அண்ணாந்து பார்த்த பாலத்தை அன்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

60ஆம் மாடிக்கு மேல் நின்றுபோய்விட்டேன். அங்கே கோபுரம் உள்வாங்குகிறது. பக்கத்தை 8 ஸ்டட் ஆக்கினால் முனை 1.66 ஸ்டட் நீட்ட வேண்டும். அப்படி ஒரு துண்டு இல்லை. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

* * *

அண்ணா, உங்கள் பாலத்தைப் படித்ததும் என் வகுப்பு ஞாபகம் வந்தது. கோயம்புத்தூரில் சிவில் பாடம் எடுக்கிறேன். சிகாகோவின் வில்லிஸ் டவரை, பழைய பெயர் சியர்ஸ் டவர், மாணவர்களோடு சேர்ந்து கட்டினேன். டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் கட்டமைப்பை வடிவமைத்த கட்டடம், 442 மீட்டர். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரக் குழாய்கள், ஒவ்வொன்றும் 75 அடி அகலம். இரண்டு 50ஆம் மாடியில் நிற்கும், இரண்டு 66இல், மூன்று 90இல். மேற்குக் குழாயும் நடுக்குழாயும் மட்டும் உச்சிவரை போகும். கட்டைக்கென்றே வரைந்த மாதிரி ஒரு வடிவம்!

ஒரு குழாய்க்கு 4 ஸ்டட் வைத்தோம். மொத்த உயரம் 62 சென்டிமீட்டர் வந்தது. வேண்டுமென்றேதான் ஒன்பதையும் தனித்தனியாகக் கட்டச் சொன்னேன். தனியாக நின்ற நடுக்குழாயின் உச்சியை ஒரு மாணவி விரலால் தள்ளினாள், அது வளைந்து நடுவில் பிளந்தது. பிறகு, அசல் கட்டடத்தில் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும் இயந்திர மாடிகள் வரும் இடங்களில் மட்டும், பக்கத்துக் குழாய்களைப் பிளேட்டால் பிணைத்தோம். மறுபடி தள்ளச் சொன்னேன். இந்த முறை உள்ளங்கையை வைத்தே தள்ளினாள். மேசைதான் நகர்ந்தது. கரும்பலகையில் இரண்டு வாரம் நான் சொன்ன பாடத்தை அவர்கள் அரை நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பிளந்த குழாயை இன்னும் ஒட்டாமல் அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறேன், அடுத்த வகுப்புக்கு.

* * *

துபாயிலிருந்து. நானும் பையனும் புர்ஜ் கலீஃபா கட்டினோம். மூன்று சிறகும் 120 பாகையில் விரியும் ஒய் வடிவம், அதனால் கீல் இல்லாமல் வழியே இல்லை. எங்கள் முதல் கோபுரத்தில் மூன்று சிறகையும் ஒரே மாடியில் குறுக்கிவிட்டோம். பார்க்க அந்தக் கட்டடமாகவே இல்லை. அசலில் ஒரு சிறகு முதலில் குறுகும், அப்புறம் அடுத்தது, அப்புறம் மூன்றாவது, சுற்றிச் சுற்றி மேலே போகும். மேலே போகப்போக வடிவம் மாறிக்கொண்டே இருப்பதால் காற்றின் சுழல்கள் ஒன்றுசேர்ந்து ஒரே தாளத்தில் கட்டடத்தை ஆட்ட முடியாது. பிரித்துவிட்டு அந்த வரிசைப்படி மறுபடி கட்டினோம்.

மலேசியா அண்ணே, உங்கள் 60ஆம் மாடிக்கு ஒன்று தோன்றுகிறது. முக்கோணத்தைத் தேடாதீர்கள், சதுரத்தையே திருப்புங்கள். நடுவில் வட்டத் துளை உள்ள சதுர அடுக்குகள் செய்து ஓர் அச்சுத்தண்டில் கோத்துவிடுங்கள். ஒன்று நேராக, அடுத்தது 45 பாகை திரும்பி. மேல்பக்கம் டைல் போட்டால்தான் திரும்பும், ஸ்டட் இருந்தால் இடிக்கும். அடுக்கு மெலிதாக இருந்தால் நாலடி தள்ளி நின்று பார்க்கும்போது இரண்டும் சேர்ந்து நட்சத்திரமாகத் தெரியும். பக்கம் எத்தனை ஸ்டட் என்றாலும் சரி.

* * *

தம்பி, நேற்றிரவே செய்து பார்த்தேன். பக்கம் 8 ஸ்டட்டில் பன்னிரண்டு அடுக்கு. வீட்டுக்காரி சமையலறை வாசலில் நின்று பார்த்து, "இப்பதான் கே.எல்.சி.சி. மாதிரி இருக்கு" என்றாள். கோபுரங்கள் நிற்கும் இடத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஆறாவது அடுக்குக்கு மேல் லேசாகத் திரும்புகிறது. நடுவில் ஓர் இடத்தில் தண்டில் இறுக்கு வளையம் போட வேண்டும் என்று நினைக்கிறேன். கையில் இருந்த சாம்பல் நிற டைல் தீர்ந்துவிட்டது. இரண்டு கோபுரத்துக்கும் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், இந்தச் சனிக்கிழமை வாங்கிவிடுவேன்.