இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஜிம்மில் சேரும் முன் கவுன்சிலைப் பாருங்கள்

வீடு, வங்கிக் கணக்கு, ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு எல்லாம் முடிந்ததும் பலர் அடுத்துத் தேடுவது ஜிம். தனியார் ஜிம்மில் ஒரு வருட ஒப்பந்தம் போடும் முன், உங்கள் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) இணையதளத்தில் லெஷர் (விளையாட்டு, பொழுதுபோக்கு) பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். நீங்கள் கட்டும் கவுன்சில் டாக்ஸில் ஒரு பங்கு நீச்சல் குளத்துக்கும் பூங்காவுக்கும் டென்னிஸ் கோர்ட்டுக்கும் போகிறது. நம் ஆட்களில் பலர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

நீங்கள் ஓடுவதிலும் நீந்துவதிலும் கவுன்சிலுக்கு என்ன அக்கறை? 2013 ஏப்ரலில் இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரப் பொறுப்பின் பெரும்பகுதி அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ்ஸிடமிருந்து கவுன்சில்களின் கைக்கு மாறியது. முதியோர் பராமரிப்புச் செலவும் அவர்கள் தலையில்தான். மக்கள் நடமாட்டத்தோடு இருந்தால் அந்தச் சுமை குறையும். ஆனால் நீச்சல் குளமோ ஜிம்மோ நடத்தியே தீர வேண்டும் என்று சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கையில் இருக்கும் பணத்தைப் பொறுத்துத்தான் எல்லாம். அதனால் பக்கத்து பரோவில் (லண்டனின் ஒரு கவுன்சில் பகுதி) இருக்கும் நண்பர் இலவசம் என்று சொல்வது உங்கள் ஊரில் கிடைக்காமல் போகலாம். கிடைத்த திட்டம் நின்றும் போகலாம். 2009 ஏப்ரலில் 16 வயது வரை உள்ளவர்களுக்கும் 60 தாண்டியவர்களுக்கும் இலவச நீச்சல் திட்டத்துக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. 2010 ஜூலையோடு நிறுத்திவிட்டது. எனவே யாரோ எப்போதோ சொன்னதை நம்ப வேண்டாம், இன்றைய நிலவரத்தை நீங்களே பாருங்கள்.

எந்தக் கவுன்சில் என்பதிலும் குழப்பம் வரும். லண்டனிலும் பெரிய நகரங்களிலும் எல்லாவற்றுக்கும் ஒரே கவுன்சில். கவுன்டி, அதற்குள் சிறிய டிஸ்ட்ரிக்ட் என்று இரண்டு அடுக்குக் கவுன்சில் உள்ள இடங்களில் லெஷர் சென்டர் (ஜிம், நீச்சல் குளம் உள்ள இடம்) டிஸ்ட்ரிக்டிடம், பொதுச் சுகாதாரம் கவுன்டியிடம். இரண்டு தளத்தையும் பாருங்கள்.

லெஷர் சென்டர் கட்டடத்தில் கவுன்சில் பெயர் பெரிதாக இருக்காது. பெட்டர், எவ்ரிஒன் ஆக்டிவ் போன்ற நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் நடத்துகின்றன. பலர் அதைப் பார்த்துத் தனியார் இடம் என்று நினைத்துத் திரும்பி விடுகிறார்கள். உள்ளே போய் ரிசப்ஷனில் மூன்று விஷயம் கேளுங்கள்: உள்ளூர்வாசிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டா, சலுகைக் கட்டணம் யாருக்கு, மாத மெம்பர்ஷிப் எடுக்காமல் வரும் நாளுக்கு மட்டும் கட்டலாமா. மாணவர்கள், மூத்தவர்கள், குறைந்த வருமானக்காரர்கள், நோயாளியைப் பராமரிப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஒரு சலுகை இருக்கும். கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து தர மாட்டார்கள்.

குழந்தைகள் இருந்தால் நீச்சலைத் தள்ளிப் போடாதீர்கள். இங்கே தொடக்கப் பள்ளி முடிப்பதற்குள் ஒரு குழந்தை 25 மீட்டர் நீந்த வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பள்ளி கூட்டிப்போகும் சில வாரங்கள், தண்ணீரையே பழகாத பிள்ளைக்குப் போதாது. கவுன்சில் குளத்தில் நடக்கும் வகுப்புகளில் சேருங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கலாம், எனவே வீட்டு முகவரி உறுதியான வாரமே பெயர் கொடுத்து வையுங்கள். பெரியவர்களுக்கும் ஆரம்ப நிலை வகுப்பு உண்டு, நாற்பது வயதில் முதல் தடவை தண்ணீரில் இறங்குகிறவர்களை அங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. பல குளங்களில் பெண்களுக்கு மட்டுமான நேரம் வைத்திருக்கிறார்கள். உயிர்காப்பாளரும் பெண்தானா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உடலை முழுதாக மூடும் நீச்சலுடையைப் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். பருத்தி டி-ஷர்ட், லெகிங்ஸ்தான் பிரச்சினை.

நாற்பதைத் தொட்டவர்கள் அடுத்ததைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோய் இளவயதிலேயே வரும் வாய்ப்பு அதிகம், அதனால்தான் நமக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் அளவு) 23-லேயே எச்சரிக்கைக் கோடு போடுகிறார்கள்; பொதுவான கோடு 25. சர்க்கரையோ இதய நோயோ இல்லாத 40 முதல் 74 வயதுக்காரர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை என்.ஹெச்.எஸ் ஹெல்த் செக் இலவசம். அதை ஏற்பாடு செய்யும் பொறுப்பும் கவுன்சிலுடையதுதான். ரத்த அழுத்தம், எடை, முதுகுவலி என்று ஏதாவது இருந்தால் ஜிபியிடமோ நர்ஸிடமோ எக்சர்சைஸ் ரெஃபரல் (மருத்துவர் உடற்பயிற்சிக்குப் பரிந்துரைப்பது) உண்டா என்று நீங்களே கேளுங்கள். அந்தத் திட்டம் உள்ள ஊர்களில், வழக்கமாக 12 வாரம், குறைந்த கட்டணத்தில், உங்கள் நோயைத் தெரிந்த ஒரு பயிற்சியாளர் லெஷர் சென்டரில் உங்களைப் பார்த்துக்கொள்வார். மாத்திரை எழுதும்போது இதையும் அவர்களே சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்பா அம்மா வந்து தங்கியிருக்கிறார்களா? வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதுதான் அவர்களுக்குப் பெரிய கொடுமை. பல ஊர்களில் தன்னார்வலர்கள் கூட்டிப்போகும் வெல்பீயிங் வாக்ஸ் நடக்கின்றன. இலவசம், மெதுவான நடை, ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, முதல் வாரம் நீங்கள் கூடப் போய் விட்டு வாருங்கள்.

ஓட விரும்புகிறவர்களுக்கு பார்க்ரன் இருக்கிறது. 2004-இல் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கியது. சனிக்கிழமை காலை 9 மணி, 5 கிலோமீட்டர், ஒரு பைசா கட்டணமில்லை, நடந்தே முடிக்கலாம். 4 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு 2 கிலோமீட்டர். ஒரு தடவை பதிவு செய்து பார்கோடை வைத்துக்கொண்டால் போதும். இது கவுன்சில் நடத்துவதல்ல, ஆனால் பூங்காவைத் திறந்துவிடுவது பெரும்பாலும் கவுன்சில். அந்த முடிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரிஸ்டல் பக்கம் லிட்டில் ஸ்டோக் ஒரு சாட்சி: 2016-இல் அங்கத்திய பாரிஷ் கவுன்சில் (ஊர் அளவிலான சிறு கவுன்சில்) ஓடுபவர்கள் பணம் கட்ட வேண்டும் என்று தீர்மானித்தது, அந்த பார்க்ரன் அத்தோடு நின்றது.

சைக்கிள் ஓட்டப் பயமா? லண்டன் பரோக்கள் பலவற்றில் பெரியவர்களுக்கும் இலவசப் பயிற்சி உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு பைக்கபிலிட்டி என்ற சைக்கிள் பயிற்சி உண்டு.

கடைசியாக கிரிக்கெட். நண்பர்கள் சேர்ந்து ஒரு டீம் போட ஆசைப்பட்டால், ஏப்ரலில் மைதானம் தேட ஆரம்பிக்காதீர்கள். சீசன் முழுவதுக்குமான முன்பதிவு குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். பூங்காத் துறைக்கு ஜனவரிக்குள் மின்னஞ்சல் போடுங்கள். பொறுப்புக் காப்பீடு (பிறருக்கு நேரும் காயம், சேதத்துக்கான காப்பீடு) உண்டா என்று கேட்பார்கள். ஒரு சிறு விதிமுறை ஆவணம், குழுவின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இரண்டையும் முதலிலேயே செய்து வைத்தால், விளையாட்டுக்கு நிதி தரும் பொது அமைப்பான ஸ்போர்ட் இங்கிலாந்தின் மூவ்மென்ட் ஃபண்ட் போன்ற நிதிக்கும் விண்ணப்பிக்க வழி திறக்கும். வார்டு கவுன்சிலர்களிடம் சிறு நிதி இருக்கிற ஊர்களும் உண்டு.

கவுன்சிலருக்கு எழுதத் தயங்காதீர்கள். பெண்களுக்கான நீச்சல் நேரம் வேண்டும், பூங்காவில் வலைப்பயிற்சிக் கூண்டு வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டும் உங்களுக்கு இருக்கலாம்: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். முறையான விசாவில் இருக்கும் அந்நாட்டுக் குடிமக்கள் 18 வயதானால் இங்கே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் இணையத்திலேயே பெயர் சேர்த்துக்கொள்ளலாம்.