தீர்க்கதரிசனமா, என் ஆசையா?

துபாய் வேலைக்கு ஆஃபர் வந்து 3 வாரம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஜெபக்கூட்டத்தில் ஒரு அண்ணன் என் தலையில் கைவைத்து, "கர்த்தர் உன்னைக் கடல் கடக்க வைப்பார்" என்று சொல்லிவிட்டார். நாகர்கோவிலில் அப்பாவுக்கு வாரம் 2 டயாலிசிஸ். கூட்டிப்போக நான் மட்டும்தான்.

உபவாசம் இருந்து பார்த்தேன். பைபிளில் வரும் கிதியோனைப் போல கர்த்தரிடம் அடையாளமும் கேட்டேன்: மழை பெய்தால் போகலாம் என்று. ஜூன் மாதத்தில் இங்கே மழைக்கா பஞ்சம்! வாக்குத்தத்த அட்டை (பைபிள் வசனம் எழுதிய சீட்டு) எடுத்தேன். பிடிக்கவில்லை, இன்னொன்று எடுத்தேன் (ஆயரிடம் சொல்லவில்லை). ஆயர் பைபிளில் 1 யோவான் 4:1-ஐக் காட்டி, அந்த அண்ணன் சொன்னதைச் சோதித்துப் பார் என்றார். எப்படி என்று சொல்லவில்லை. சம்பளத்தை நினைத்தால் குஷி, அப்பா கையின் ஊசித் தழும்பைப் பார்த்தால் சமாதானம் போய்விடுகிறது.

உங்களுக்கு இப்படி ஒரு வார்த்தை வந்தபோது, எதை வைத்துச் சோதித்தீர்கள்?