புதுப்பிப்பு: மண்ணுக்குள் குழாய்க் கசிவு, கழிவுநீர்க் கட்டணம் திருத்தப்பட்டது

அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் ஊரில் தண்ணீர், கழிவுநீர்க் கட்டணம் திடீரென மூன்று மடங்கானதைப் பற்றி இந்த இழையில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பயன்பட்டது, வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரில் உள்ள சிறு முக்கோணம் சுழல்கிறதா என்று பார்க்கச் சொன்ன யோசனைதான். வீட்டின் முதன்மை வால்வை அடைத்த பிறகும் அது நிற்காததால், கசிவு மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையே மண்ணுக்குள் இருப்பது தெரிந்தது. பிளம்பர் தோண்டியபோது ஓர் இணைப்பு விரிசல் விட்டிருந்தது.

கழிவுநீருக்கெனத் தனி மீட்டர் கிடையாது, உள்ளே வரும் தண்ணீரின் அளவைக் கொண்டே அதையும் கணக்கிடுகிறார்கள் என்பதால், கசிந்த நீர் சாக்கடைக்குப் போகவில்லை என்று காட்டுவதே கட்டணத்தைத் திருத்தக் கோரும் விண்ணப்பத்தின் உயிர். பிளம்பரின் ரசீது, விரிசலின் படங்கள், பழுது நீங்கிய பின் எடுத்த மீட்டர் அளவு ஆகியவற்றை இணைத்தேன். சென்ற ஆண்டு இதே மாதங்களின் பயன்பாட்டை வைத்துக் கழிவுநீர்க் கட்டணத்தைத் திருத்தினார்கள்.

எதிர்பாராதவை இரண்டு. தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு காசும் குறையவில்லை. கழிப்பறைத் தொட்டியின் ரப்பர் மூடி கசிந்ததையும் குறிப்பிட்டிருந்தேன். அந்த நீர் சாக்கடையில்தான் சேர்கிறது என்று அதை ஏற்க மறுத்தார்கள், அது நியாயமே. வழக்கமான தொகையை உரிய நாளில் கட்டிவிட்டதால் தாமதக் கட்டணம் விழவில்லை.